சித்தியாக நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதை அப்படியே வெளியிட முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலை, உறவு, வயது போன்ற சிலவற்றை மாற்றித்தான் இந்தச் சுருக்கத்தைத் தருகிறேன்.

வாசகியின் அக்கா உயிரோடு இல்லை. அக்கா மகளை வளர்த்தவர் இவர்தான். 24 வயதாகும் அந்தப் பெண், புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள், திருமயம் பக்கம், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்றிய இடத்தில் கணக்கு எழுதுகிறார். 9 நாட்களுக்கு முன், தங்குவோர் யாரும் இல்லாத ஓர் இரவில், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உள்ள அறையில் வைத்து விடுதியின் மேலாளர் அவரை வன்கொடுமை செய்திருக்கிறார். மூன்றாம் நாள்தான் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு அருகிலுள்ள மகளிர் காவல் நிலையத்துக்குப் போனபோது, “சம்பவம் நடந்தது எங்க லிமிட் இல்ல, புதுக்கோட்டைப் பக்கம் போங்க” என்று சொல்லி, புகார் வந்ததற்கு ஒப்புகையான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு தொகை வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அவனே கட்டிக்கொள்ளட்டும் என்கிறார்கள். பெண்ணின் அப்பாவும் அந்தப் பக்கமே சாய்கிறார்.

கடிதத்தில் உள்ள கேள்விகள் இவை: “குளித்துவிட்டாள், துணியை மட்டும் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவில் வைத்திருக்கிறேன். 9 நாள் ஆகிவிட்டதே, இனி கேஸ் நிற்குமா? அவனோடு முன்பு வாட்ஸ்அப்பில் சிரித்துப் பேசியிருக்கிறாள், அதை அழித்துவிடச் சொல்லட்டுமா? அவளால் பேச முடியவில்லை, நானே புகார் கொடுக்கலாமா? கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று எப்படிப் பழக்குவது? வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்? நஷ்டஈடு வாங்கினால் விலை பேசிவிட்டாள் என்பார்களே?”

அம்மா, உங்கள் கடிதத்தில் அந்தப் பெண் என்ன விரும்புகிறார் என்ற வரி ஒன்றுகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதற்றத்தில் எல்லோர் கடிதமும் இப்படித்தான் வரும். ஆனால் இந்த வழக்கு தொடங்குவதும் நடப்பதும் முடிவதும் அவர் வாய்மொழியில்தான். குற்றம் நடந்தது தெரிந்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பது சட்டம். நீங்களும் கொடுக்கலாம். ஆனால் 24 வயதுப் பெண் மனமில்லாமல் இழுத்துவரப்பட்டால், மாஜிஸ்திரேட் முன்போ சாட்சிக் கூண்டிலோ அந்த வழக்கு உடையும். அப்படி உடைந்த வழக்கு, தொடங்காத வழக்கைவிட அவருக்கு அதிகக் கேடு செய்யும்.

எனவே முதலில் அவரோடு உட்காருங்கள். அப்பா அங்கே இருக்க வேண்டாம். “புகார் கொடுக்கலாம், மருத்துவமனைக்கு மட்டும் போகலாம், இப்போதைக்கு எதுவும் செய்யாமல் இருக்கலாம், மூன்றிலும் நான் கூட இருப்பேன்” என்று சொல்லுங்கள். வன்கொடுமை வழக்குக்குக் காலாவதி கிடையாது; 3 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு அந்த வரம்பே இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு மூச்சு விடும் இடம் கிடைக்கிறது. கூடவே உண்மையையும் சொல்லுங்கள்: சட்டம் காத்திருக்கும், சான்றுகள் காத்திருக்காது. அவர் வேண்டாம் என்றால் நீங்கள் கோபப்படாமல் இருக்க வேண்டும். அதுதான் உங்களுக்குக் கடினமான பகுதி. வேண்டும் என்றால், கீழே உள்ளவை உதவும்.

“எங்க லிமிட் இல்ல”

செட்டிநாடு நம் பேச்சில் ஒரே சீமை. காவல்துறைக் கணக்கில் காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம், ராமநாதபுரம் சரகம். திருமயமும் பொன்னமராவதியும் புதுக்கோட்டை மாவட்டம், திருச்சி சரகம். இந்தக் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் பெண்கள் ஏராளம் என்பதால், இந்தத் திருப்பி அனுப்பல் இங்கே அடிக்கடி நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். பூஜ்யம் என்ற எண்ணில் முதல் தகவல் அறிக்கை போட்டு, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். கோப்பை அனுப்புவது அவர்கள் வேலை. நீங்கள் பஸ் ஏறித் தேடிப் போக வேண்டியதில்லை.

சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. “விசாரித்துவிட்டுப் போடுகிறோம்” என்பதும் இங்கே செல்லாது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் பூர்வாங்க விசாரணைக்குப் புதிய சட்டம் இடம் தருகிறது. பாலியல் வன்கொடுமைக்கு மத்தியச் சட்டப்படி தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது. இந்தக் குற்றத்தில் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அதிகாரிக்கே நியாய சன்ஹிதா 199-ஆம் பிரிவின்படி குறைந்தது 6 மாதம், அதிகம் 2 ஆண்டு கடுங்காவல் உண்டு. இந்தப் பிரிவைச் சொல்லிச் சண்டை போடச் சொல்லவில்லை. மனுவின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள், போதும். மறுபடி மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டை பத்திரம். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடைமுறைச் சட்டத்தின் 175(3)-இன் கீழ் மனு.

பதிவு செய்வது பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிறகு வாக்குமூலம் வாங்குவதை உங்கள் பெண்ணின் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ வைத்துக்கொள்ளும்படி கேட்க 176-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஊரில் போலீஸ் ஜீப் வந்து நிற்பது வேண்டாம் என்றால் வேறு உறவினர் வீட்டைச் சொல்லலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பாலியல் குற்ற வழக்குகளில் அதை இணையத்தில் ஏற்றுவதில்லை. ஆகவே “நெட்ல பேர் வந்துடும்” என்ற பயம் வேண்டாம்.

புகார் மனுவில் என்ன இருக்க வேண்டும்

இங்கேதான் பாதி வழக்குகள் பலவீனமாகின்றன. கூச்சத்தால் “தவறாக நடந்துகொண்டார்”, “கெடுத்துவிட்டார்” என்று எழுதுகிறோம். நிலையத்தில் ரைட்டரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். அந்தச் சொற்களுக்கு மானபங்கப் பிரிவு போட்டால் போதும் என்று ஆகிவிடும். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் முழுமையாகச் சொல்லும்போது, “முதல் புகாரில் இது இல்லையே” என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். எந்த உடலுறுப்பால், எங்கே, என்ன செய்தார் என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். தேதி, ஏறத்தாழ நேரம், எந்த அறை, கதவு தாழிடப்பட்டதா, மிரட்டல் என்ன, எப்படி வெளியே வந்தார், யாரிடம் எப்போது சொன்னார் என்பவையும் வேண்டும். ஏன் தாமதம் என்று ஒரு வரி கட்டாயம்: பயம், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற தவிப்பு, நிலையத்தில் திருப்பி அனுப்பியது, எது உண்மையோ அது. சி.எஸ்.ஆர். ரசீதின் தேதி உங்களுக்குச் சாதகம். எப்போது போனீர்கள் என்பதற்கு அதுவே சான்று. தாமதம் மட்டுமே வழக்கை முறிக்காது என்று 1996-இல் குர்மித் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்பத் தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

நினைவில்லாததை ஊகித்து எழுத வேண்டாம். மணி தெரியாவிட்டால் “இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு” என்றால் போதும்.

மனுவின் கடைசிப் பத்தியில் ஒரு கோரிக்கை: விடுதியின் கேமராப் பதிவுப் பெட்டியை உடனே கைப்பற்ற வேண்டும். அந்தப் பெட்டிகளில் இடம் நிறைந்ததும் பழைய காட்சிகளின் மேல் புதியவை பதிவாகிவிடும். 9 நாள் ஆகிவிட்ட நிலையில் உங்கள் வழக்கில் உண்மையான அவசரம் இதுதான். அறைக்குள் கேமரா இருக்காது. ஆனால் முகப்பில் யார் எப்போது வந்தார், உங்கள் பெண் எந்த நிலையில் வெளியே போனார் என்பது இருக்கலாம். வருகைப் பதிவேடும், அன்று தங்கியோர் யாருமில்லை என்று காட்டும் பதிவேடும் சேர்த்துக் கேளுங்கள்.

9 நாள் கழிந்தபின் மருத்துவமனை எதற்கு?

“குளித்துவிட்டாள், இனி ஒன்றுமில்லை” என்பது பாதி உண்மை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறைப்படி விந்துச் சான்றுக்கான பஞ்சு மாதிரிகள் 96 மணி நேரம் வரைதான் எடுக்கப்படும், அது போய்விட்டது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரைதான் வாய்ப்பு. அவையும் கடந்துவிட்டன. ஆனாலும் போங்கள். ஆறிவரும் காயம், கன்றல், அழுத்தினால் வலிக்கும் இடம் எல்லாம் குறிக்கப்படும். கர்ப்பப் பரிசோதனை, பால்வினைத் தொற்றுக்கான சிகிச்சை, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி ஆகியவை வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டியவை. எச்.ஐ.வி. சோதனையை இப்போது ஒருமுறையும் 3 மாதம், 6 மாதம் கழித்தும் செய்ய வேண்டும். காயமே இல்லை என்று அறிக்கை வந்தாலும் கலங்க வேண்டாம். எதிர்த்துப் போராடாதது சம்மதம் ஆகாது என்று வன்கொடுமையை வரையறுக்கும் நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவே சொல்கிறது.

மாதவிடாய் தள்ளிப்போனால் ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதும். தனியாரிடம் ரகசியமாக முடித்துவிட்டால் டி.என்.ஏ. சான்று கைவிட்டுப் போகும். வழக்கு இருப்பதை மருத்துவரிடம் சொன்னால் அவர்கள் மாதிரியைப் பாதுகாத்து ஒப்படைப்பார்கள்.

காரைக்குடி அரசு மருத்துவமனைக்கே போகலாம். போலீஸ் மெமோ இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது. அரசு, தனியார் எதுவானாலும் முதல் சிகிச்சை இலவசமாகத் தர வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதையும் அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். சோதனையின் ஒவ்வொரு படிக்கும் அவர் சம்மதம் தனித்தனியே வேண்டும். சிகிச்சைக்குச் சரி, உள்சோதனை வேண்டாம் என்று சொல்லலாம். அந்த மறுப்பை எழுதிக்கொள்வார்கள். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் ‘இரண்டு விரல் சோதனை’ செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. யாராவது தொடங்கினால் “இது கூடாது” என்று சொல்ல அவருக்கும் உங்களுக்கும் உரிமை உண்டு.

துணி விஷயத்தில் ஒரு திருத்தம். பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் சான்று கெடும். சுத்தமான கையுறை போட்டு ஒரே ஒருமுறை வெளியே எடுங்கள். ஈரம் இருந்தால் வெயிலில் அல்ல, நிழலில் உலர விடுங்கள். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகப் பழுப்புத் தாளில் மடித்து வையுங்கள். உதறவோ கறையைத் தேய்த்துப் பார்க்கவோ வேண்டாம். போலீஸ் வாங்கும்போது மகஜர் (கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) எழுதி, உங்களிடம் வாங்கியதாகக் குறிப்பிட வேண்டும். இப்போது கைப்பற்றுதலைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம்.

அழிக்க வேண்டாம், பழக்க வேண்டாம்

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்கச் சொல்லாதீர்கள். அவை அவன் கைப்பேசியிலும் இருக்கின்றன. நீங்கள் அழித்தால் அவன் தனக்கு வேண்டியதை மட்டும் காட்டுவான், ஏன் அழித்தீர்கள் என்ற கேள்வி உங்கள் பக்கம் வரும். வேலையிடத்தில் ஒருவரோடு சிரித்துப் பேசுவது எந்த நாளும் சம்மதம் ஆகாது. சம்மதம் பற்றிய கேள்வியில் பெண்ணின் நடத்தையோ முந்தைய உறவோ பொருட்டே அல்ல என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொல்கிறது. குறுக்கு விசாரணையில் அதைக் கேட்பதற்கும் தடை உண்டு. பேசிப் பழகியதைப் புகாரிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. நாமே சொன்னதை வைத்து எதிரி வக்கீல் திடுக்கிட வைக்க முடியாது. கைப்பேசியை நிலையத்தில் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள்.

“எப்படிப் பழக்குவது” என்ற கேள்விக்குப் பதில்: பழக்காதீர்கள். அவர் நடந்ததைப் பலமுறை சொல்ல வேண்டிவரும். புகாரில், போலீஸ் வாக்குமூலத்தில், மருத்துவரிடம், நடைமுறைச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் (ஊரில் இன்னும் ‘164 வாக்குமூலம்’ என்றே சொல்வார்கள்), கடைசியில் நீதிமன்றத்தில். உண்மையாக நினைவுகூர்பவர் சொல்வதில் சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும்; நீதிபதிகள் அதை எதிர்பார்ப்பார்கள். வரிக்கு வரி ஒரேபோல வந்தால்தான் “சித்தி சொல்லிக் கொடுத்தாரா?” என்ற கேள்வி விழும். சாட்சி சொல்லும் நாளுக்கு முன் அரசு வழக்கறிஞரைச் சந்தித்துத் தன் வாக்குமூலங்களை அவரே படித்துப் பார்க்கலாம். அது போதும்.

மாஜிஸ்திரேட் வாக்குமூலத்தின்போது அறையில் போலீஸ் இருக்க மாட்டார்கள், எதிரியின் வக்கீலும் இருக்க மாட்டார். கூடியவரை பெண் மாஜிஸ்திரேட். இல்லையென்றால் ஒரு பெண்ணின் முன்னிலையில். இதை முன்பே சொல்லிவைத்தால் பாதிப் படபடப்பு குறையும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அவர் முதன்முதலில் சொன்னது உங்களிடம். ஆகவே நீங்கள் பெரும்பாலும் அரசுத் தரப்புச் சாட்சியாகச் சேர்க்கப்படுவீர்கள். இன்னும் சாட்சி சொல்லாத ஒருவரை, மற்றவர் சாட்சி சொல்லும்போது உள்ளே உட்கார விட மாட்டார்கள். அவர் கூண்டில் நிற்கும் நாளில் பக்கத்தில் இருக்க முடியாமல் நீங்கள் வராண்டாவில் நிற்க நேரும். இதை அன்று காலையில் கண்டுபிடித்துத் தவித்தவர்கள் உண்டு. இப்போதே இரண்டாவது துணை ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்: தோழி, அண்ணி, ஒருங்கிணைந்த சேவை மையத்தின் (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையம்) ஆலோசகர் என்று அவருக்கு யார் வேண்டுமோ அவர். இவ்வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. குறிப்பிட்ட நபர் உள்ளே இருக்க அனுமதி கேட்டு 366-ஆம் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். அந்த நபரிடம் சம்பவ விவரங்களை விலாவாரியாகச் சொல்லாமல் இருங்கள், இல்லையென்றால் அவரும் சாட்சிப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்.

பெரியவர்கள் கொண்டுவரும் பேச்சு

பங்காளித் தகராறு, பாகப்பிரிவினை, கோயில் மரியாதை என்று எத்தனையோ காரியங்களைப் பெரியவர்கள் பேசி முடிப்பதுண்டு. இது அந்த வரிசையில் வராது. சமரசம் செய்யத்தக்க குற்றங்களின் பட்டியலில் வன்கொடுமை இல்லை. 2015-இல் இத்தகைய வழக்கு ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றமே சமரசத்துக்கு அனுப்பிப் பெரும் சர்ச்சையாகி, பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், இதில் எந்த வகையிலும் சமரசம் என்ற எண்ணமே கூடாது என்றது. 2021-இல் அபர்ணா பட் வழக்கில், கல்யாணம் செய்துகொள் என்று நீதிமன்றங்கள் ஆலோசனை சொல்வதையே தடை செய்தது. “கேஸ் ரத்தாகிவிடும்” என்று சொல்பவர்கள் காட்டுவது மிக அபூர்வமான விதிவிலக்குகளை.

பணம் வாங்கிக்கொண்டால் நடப்பது இதுதான். வழக்கு பதிவாகாவிட்டால், குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கியதாக உங்கள் மீதே சொல்ல முடியும். அது தனிக் குற்றம், கொடுத்தவர்களுக்கும் அப்படியே. வழக்கு பதிவான பிறகு வாங்கிக்கொண்டு மாற்றிச் சொன்னால், பிறழ் சாட்சி ஆவதோடு பொய்ச்சாட்சி நடவடிக்கையையும் அந்தப் பெண்தான் சந்திக்க வேண்டும். பேசி முடித்த பெரியவர்கள் அன்று கூட வர மாட்டார்கள்.

பெரியவர்களிடம் வாக்குவாதம் வேண்டாம். “இது போலீஸ் கேஸ், பேசினால் உங்களுக்கும் சிக்கல் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்” என்று வக்கீலான என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அத்தானிடமும் முதலில் நியாயம் பேசாதீர்கள். அவர் பயம் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியது. பெயர் வெளியே வராது, விசாரணை மூடிய அறையில் நடக்கும், செலவு இல்லை என்ற மூன்றையும் சொல்லுங்கள். பேச்சு மிரட்டலாக மாறினால் அது வேறு. பொய்ச்சாட்சி சொல்ல மிரட்டுவதற்கு நியாய சன்ஹிதா 232-இன்படி 7 ஆண்டு வரை தண்டனை. யார், எப்போது, என்ன வார்த்தை என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சாட்சிப் பாதுகாப்பு கேட்டும் மனு செய்யலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டம் அது.

செலவும் இழப்பீடும்

வழக்கை நடத்துவது அரசு. அரசு வழக்கறிஞருக்கு நீங்கள் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. அவருக்கு உதவியாக உங்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். எல்லாப் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-இல் அழையுங்கள். எதிரி ஜாமீனோ முன்ஜாமீனோ கேட்கும்போதுதான் இந்த வழக்கறிஞர் மிகவும் தேவைப்படுவார். உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 2022-இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. சம்பவம் நடந்த இடத்தை வைத்து வழக்கு புதுக்கோட்டை மகிளா நீதிமன்றத்துக்குப் போகும். மேல் மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு.

இழப்பீடு என்பது எதிரி தரும் பணம் அல்ல, அரசு தருவது. இதற்கும் பெரியவர்கள் பேசும் தொகைக்கும் வானத்துக்கும் பூமிக்குமான வேறுபாடு. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்த திட்டத்தில் வன்கொடுமைக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை. தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் தகவல் அறிக்கை நகலோடு மனு செய்யலாம், இடைக்கால உதவியும் கேட்கலாம். பெரும்பகுதி வைப்புத் தொகையாகப் போகும், கால் பங்குதான் உடனே கைக்கு வரும். வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கட்டும், கூட்டுக் கணக்கு வேண்டாம். குறுக்கு விசாரணையில் இதைக் கேட்டால் “சட்டப்படி வாங்கினேன்” என்பதே முழுப் பதில்.

சாதி பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் எதிரி அப்படி இல்லாதவராகவும் இருந்தால் மனுவில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குப் போகும், முன்ஜாமீனுக்குத் தடை வரும், தனி நிவாரணமும் உண்டு.

சம்பவம் வேலையிடத்தில் நடந்திருப்பதால் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டமும் பொருந்தும். 10 பேருக்குக் குறைவான விடுதி என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் மனு. விடுப்பும் நிலுவைச் சம்பளமும் கேட்க இது வழி.

நீதிமன்ற நாட்கள்

போலீஸ் விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும், குற்றப்பத்திரிகைக்குப் பின் வழக்கையும் 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பிக் காலண்டரில் குறிக்காதீர்கள். தடய அறிவியல் அறிக்கை, வாய்தா, நீதிபதி மாற்றம் என்று ஆண்டுக் கணக்கில் இழுக்கலாம். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். குற்றப்பத்திரிகை நகலும் உங்கள் வழக்கறிஞர் மூலம் கிடைக்கும்.

கவனமாக இருக்க வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு. அரசு வழக்கறிஞர் முதல் விசாரணை முடித்ததும், குறுக்கு விசாரணைக்கு எதிரி வக்கீல் வாய்தா கேட்பார். ஆள் அனுப்புவதும் அப்பாவைப் பிடிப்பதும் அந்த வாரங்களில்தான். அன்றே குறுக்கு விசாரணையை முடிக்கும்படி அரசு வழக்கறிஞரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

கூண்டில் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கேள்வி முடியும் வரை காத்திருக்கலாம். புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லலாம். “தெரியாது”, “நினைவில்லை” இரண்டும் முழுமையான பதில்கள். ஒரே கேள்வியில் இரண்டு விஷயம் இருந்தால் பிரித்துக் கேட்கச் சொல்லலாம். தண்ணீர், ஐந்து நிமிட ஓய்வு, எதிரி கண்ணில் படாதபடி திரை, எல்லாவற்றையும் நீதிபதியிடம் நேரடியாகக் கேட்கலாம். சாட்சியத்தைத் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டும்போது களைப்பில் தலையாட்டிவிடக் கூடாது. சொன்னது ஒன்று, பதிவானது ஒன்று என்றால் அப்போதே திருத்தச் சொல்ல வேண்டும்.

உங்கள் வேலை இதையெல்லாம் சுற்றி இருக்கிறது. ஒரு கோப்பில் எல்லா நகல்களும். ஒரு நோட்டில் வாய்தாத் தேதிகள். திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போய்வர வண்டி ஏற்பாடு, எதிரி ஆட்களோடு ஒரே பஸ்ஸில் போக நேராதபடி. கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் வரை நகர முடியாது. சாட்சிப் படி உண்டு, கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும் வழியில் “என்ன கேட்டான், என்ன சொன்னே” என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர் வேண்டாம் என்ற பேச்சு எது வந்தாலும் 14416 டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். தங்குவதற்கு இடம், ஆலோசகர், போலீசுக்குக் கூட வர ஆள் வேண்டுமென்றால் 181. சிவகங்கையில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள், அங்கே 5 நாள் வரை தங்கவும் முடியும்.

அவர் சம்மதித்தால், நாளைக் காலை மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் நிலைய முத்திரை வாங்குங்கள். மறுத்தால் மாலைத் தபாலுக்குள் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். கேமராப் பத்தியை விட்டுவிடாதீர்கள்.